உடும்புக்கு அடுத்தபடி நான்

என் மேஜை டிராயரில் நகத்தளவு சிவப்பு அரக்குத் துண்டு ஒன்று கிடக்கிறது. ஓரத்தில் சணல் இழை இன்னும் ஒட்டியிருக்கிறது. நடுவில் சர்க்கார் முத்திரையின் கால்வாசி தெரியும். அந்த டிராயரை மூடும்போதெல்லாம் "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மூடுவேன். பீரோவானாலும் அப்படித்தான், குளியலறையானாலும் அப்படித்தான். என் மனைவி இதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை, குடும்ப மானம். உண்மையில் அது என் பழக்கமே அல்ல. எங்கள் கம்பெனி டைப்பிஸ்ட் அக்காவிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது.

எழுபதுகளில் தாம்பரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே, உடும்புத் தோலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. இங்கே புதரில் திரிந்த உடும்பு, கடல் கடந்து போய் யாரோ ஒரு சீமாட்டியின் கைப்பையாக மறுபிறவி எடுக்கும். இடையில் அதற்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆயிரக்கணக்கான தோல்களைத் தொட்டிருக்கிறேன். உயிரோடு ஓர் உடும்பைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அக்கா எனக்கு எதிர் மேஜை. மாதா கோயில் தெருவில் வீடு, கல்யாணம் ஆகவில்லை, படுத்த படுக்கையாய் அப்பா, படிக்கும் தம்பி. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒருமுறை மூட்டை தூக்குபவர் ஒருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது கோடவுனைப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கதவை மூடுமுன் வாசலில் நின்று குரல் கொடுப்பதை அக்கா வழக்கமாக்கிக்கொண்டாள். ஜெபம் சொல்வதுபோல் ராகத்தோடு கேட்பாள்.

அப்போதுதான் அந்த ஒப்பந்தம் வந்தது. அழிந்துவரும் காட்டு உயிர்களையும் அவற்றின் தோல், தந்தம் வகையறாக்களையும் எல்லை தாண்டி வியாபாரம் செய்யக்கூடாது என்று பல நாடுகள் கூடிப் பேசியிருந்தன. நம் நாடும் சேர்ந்தது. எந்த உயிருக்கு எவ்வளவு காவல் என்று அட்டவணைகள் போட்டிருந்தார்கள். நம்ம ஊர் உடும்பு முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. எங்கோ கோட்டுப் போட்டவர்கள் பேனா மூடியைத் திறந்தார்கள், தாம்பரத்தில் எங்கள் வியாபாரம் நின்றது. இருக்கிற சரக்கை அப்படியே வைத்து கோடவுனுக்கு சீல் வைக்க வனத்துறை ரேஞ்சர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஊரே துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்ற அந்த மதியத்தில், எனக்கு மட்டும் ஒரு யோசனை தோன்றியது. அக்காவைச் சிரிக்க வைக்க வேண்டும். ஒரு பெரிய தோலை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கோடவுனில் கடைசித் தோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அக்கா வந்து கூப்பிடுவாள், பதில் வராது, உள்ளே எட்டிப் பார்ப்பாள், நான் பாய வேண்டும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் வந்தாள், கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன். "யாரும் இல்ல சார்" என்ற அவள் குரல் கேட்டது. கதவு மூடியது. விளக்கு அணைந்தது. அரக்கு உருகும் வாசனை சாவித் துவாரம் வழியாக வந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது.

உடனே எழுந்து கத்தியிருக்கலாம். கத்தினேன், ஆனால் ஜீப் கிளம்புகிற சத்தத்தில். பிறகு கதவை உதைத்தேன். வெளியே அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நடிக்காதடா. ஆபீஸ் பக்கம் இருந்துதானே சத்தம் குடுக்கற?" விளையாட்டுக்காரன் என்ற என் பேருக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. கடைசியில் வாட்ச்மேன் காதை வைத்துக் கேட்டார். "அய்ய, உள்ளதான் குந்திகினு கீறாரு! இன்னா சார் நீ, சோறு துன்ற நேரத்துல உனுக்கு இன்னா வேல அங்க? இருங்க, கடப்பாறைய எட்த்தாறேன்."

"கொண்டு வா, கொண்டு வா" என்று நான் அலறினேன். அக்கா தடுத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தம்பி, உள்ள ஆள் இல்லன்னு ரேஞ்சர் சீல் வெச்சப்ப எழுதின மகஜர்ல கையெழுத்துப் போட்டது நான். சீல உடைச்சா சரக்க எடுத்துட்டோம்னுதான் சொல்வாங்க. என் வேலை போகும், கேஸும் வரும். அப்பாவ யாரு பாப்பா? ரேஞ்சர் கேளம்பாக்கம் போயிருக்கார். வாட்ச்மேன் சைக்கிள்ல போய்க் கூட்டிட்டு வருவார். அதுவரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன்."

சரி என்றேன். அந்தச் சரியை என் வாய்தான் சொன்னது. மற்ற உறுப்புகள் கூரையில் ஏற வழி பார்த்துக்கொண்டிருந்தன. அந்துருண்டை நெடியில் மூச்சு முட்டியது. மேலே கம்பி வலை போட்ட ஒரு காற்றுத் துவாரம், அதிலிருந்து ஒரு முழ வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தோல் கட்டு ஒன்று நகர்ந்தது.

தோல்கள் பழிவாங்க எழுந்துவிட்டன என்றே நினைத்தேன். அது நாக்கை நீட்டியபிறகுதான் உயிருள்ள உடும்பு என்று புரிந்தது. எலி தேடி ஜலதாரை ஓட்டை வழியாக வந்திருக்கிறது. ரேஞ்சர் கடமை உணர்ச்சியோடு அந்த ஓட்டையையும் வெளியிலிருந்து செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார். நான் கட்டுகளின் உச்சிக்கு எப்படிப் போனேன் என்பது தெரியாது. "அக்கா, உடும்பு! உசுரோட!" என்றேன். அதன் உறவுக்காரர் ஒருவரின் தோல் என் தலையில் இருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. கழற்றக் கை வரவில்லை.

அக்கா வெளியே பெட்டிகளை அடுக்கி ஏறி, துவாரத்தில் முகம் காட்டினாள். எனக்குத் தைரியம் வர வாசித்திருப்பாள், ஆனால் வேதப் புத்தகம் வீட்டில் இருந்தது. கையில் இருந்தது கம்பெனிக்கு வந்த ஒப்பந்தத்தின் நகல்தான். அதைத் தமிழாக்கி, பைபிள் சங்கீதம் வாசிக்கிற அதே குரலில் வாசிக்க ஆரம்பித்தாள். வனத்தில் உள்ள ஜீவன்கள் பூமியின் அழகு என்றும், வருகிற தலைமுறைகளுக்காக அவற்றைக் காக்க வேண்டும் என்றும் வாசித்தாள்.

"அக்கா, அது என்னப் பாக்குது."

"அத நீ தொடக்கூடாதுப்பா. முதல் அட்டவணை."

"நான் எந்த அட்டவணைக்கா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. நிஜமாகவே தேடினாள். "உன்ன எதுலயும் சேக்கல தம்பி."

நான் சிரித்தேன். அழுகை கலந்த சிரிப்பு, இருந்தாலும் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் உடும்பை ஒழுங்காகப் பார்த்தேன். அது என் பக்கம் வரவே இல்லை. அடைத்த ஓட்டையைப் பிறாண்டும், களைத்துப்போய் வயிறு ஏறி இறங்கப் படுக்கும், மறுபடி பிறாண்டும். சற்றுமுன் நான் கதவிடம் செய்ததையேதான் அது செய்தது. எனக்காவது துவாரத்தில் ஒரு முகம் இருந்தது. அக்கா வாசித்துக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டி, குரல் தேய்ந்து, வெயில் சுவரில் ஏறி மறைகிற வரை வாசித்தாள்.

ரேஞ்சர் வந்தபோது அக்கா அவர் முன்னால் போய் நின்று, "கூப்பிட்டுப் பாத்தேன் சார். பதில் வரல. கையெழுத்து என்னுதுதான்" என்றது கதவுக்குள்ளேயே கேட்டது. என்மேல் ஒரு வார்த்தை போடவில்லை. "இல்ல சார், அக்காமேல தப்பில்ல, நான்தான் வெளயாட்டுக்கு ஒளிஞ்சேன்" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். என் வாழ்நாளில் நகைச்சுவையே இல்லாமல் பேசிய வாக்கியம் அதுதான். அரக்கு உடைந்தது, கதவு திறந்தது. நான் பாயப் போனேன். ரேஞ்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது மொதல்ல போகட்டும்யா." உடும்பு வாசலில் ஒருமுறை நின்றது, நாக்கை நீட்டியது, புதருக்குள் போனது. பிறகு நான், தலையில் தோலோடு. அக்கா என்னைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மதியத்திலிருந்து நான் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

ரேஞ்சர் புதிய மகஜர் எழுதினார். "உயிருடன் உடும்பு ஒன்று, வெளியே விடப்பட்டது. உயிருடன் குமாஸ்தா ஒன்று, மேற்படி." அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகவில்லை. உடைந்த அரக்கில் ஒரு துண்டை நான் பொறுக்கிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். செம்பாக்கத்தில் அவள் தம்பி வீட்டுக் கூடத்தில், வெள்ளைப் புடவையில், சின்னதாகப் படுத்திருந்தாள். பாட்டு முடிந்து சவப்பெட்டியை மூட வந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் நாக்கு நுனியில், கதவை மூடுமுன் அவள் கேட்கிற அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது. கேட்டால் பைத்தியம் என்பார்கள். மனதுக்குள் கேட்டேன், மறுபடி கேட்டேன். விளையாட்டுக்காகத்தான் பேசாமல் இருக்கிறாளோ என்று, மூடி விழுகிற வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி முடித்து அரக்கை உள்ளே வைத்து, குரலும் கொடுத்துவிட்டேன். டிராயர் இன்னும் திறந்துதான் இருக்கிறது.