மெஷின்காரி ராஜகுமாரி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜகுமாரிக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தையல் மெஷின் ரிப்பேர். ஆனால் கடையில் அவளைப் பார்ப்பது அபூர்வம். எண்ணெய் டப்பாவும் ஸ்பேனருமாக ஸ்கூட்டரில் குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில்தான் சுற்றிக்கொண்டிருப்பாள். வீட்டிலிருந்தே தைக்கிற பெண்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு எப்படி வருவார்கள் என்று அவளாகத் தொடங்கிய வழக்கம் அது.

போன ஆவணியில் சுமதி என்கிற தையல்காரப் பெண் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

"ரிப்பேருக்கு இல்லக்கா. இத யாருக்காவது வித்துக் குடுங்க. எல்லாரும் ரெடிமேடு எடுத்துட்டு வாராங்க. எங்கிட்ட யாரு வாரா?"

ராஜகுமாரிக்கு மனசு கேட்கவில்லை. சுமதி கொடுத்த காப்பியோடு வாசலில் வந்து நின்றாள். அந்நேரம் பக்கத்து வீட்டு இசக்கித்தாய் ஆடு பத்திக்கொண்டு வந்தாள். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை. குனிந்ததும் மேல்பையிலிருந்த செல்போன் மண்ணில் விழுந்தது. "தெனமும் இதே ரோதனை" என்று வைதுகொண்டே எடுத்தாள்.

"மதினி, ஒங்களுக்குன்னே ஒரு சட்டை தச்சா எப்படி இருக்கணும்?" என்று கேட்டாள் ராஜகுமாரி.

"காட்டுக்குப் போற பொம்பளைக்கு யாரு சட்டை தைக்கா?" என்று சிரித்தவள், போகாமல் நின்று சொல்லத் தொடங்கினாள். பை இடுப்புப் பக்கம் இருக்கணும், அதுக்கு மூடி வேணும், முள்ளு கிழிக்காத கனத்த துணியா இருக்கணும்.

ராஜகுமாரி வந்து சொன்னபடியே சுமதி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். ஒரே நாளில் சட்டை அக்குளில் கிழிந்து திரும்பி வந்தது. சுமதி அழுதேவிட்டாள்.

"ஏட்டி, அழுதா கிழிசல் ஒட்டிக்கிடுமா? எங்கூட வா" என்றாள் ராஜகுமாரி.

இருவரும் காட்டுக்குப் போனார்கள். இசக்கித்தாய் கையை உயரத் தூக்கி, தொரட்டிக் கம்பால் மரத்துக் குழையை வளைத்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, தூக்குன கைய அப்படியே வச்சிக்கிடுங்க!" என்று ராஜகுமாரி கத்த, சுமதி ஓடிப்போய் அந்த நிலையிலேயே அளவெடுத்தாள்.

அடுத்துத் தைத்த சட்டை கிழியவில்லை. அதைப் போட்டுக்கொண்டே இசக்கித்தாய் பக்கத்து டவுனான திருவேங்கடத்துக்கு பஸ் ஏறினாள். "இத எங்கன எடுத்த?" என்று பஸ்ஸில் கேட்டவர்கள் சுமதி வீட்டைத் தேடி வந்தார்கள். பருத்தி எடுப்பு தொடங்குவதற்குள் சுமதி இன்னொரு பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

ராஜகுமாரியின் போக்கும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் மெஷினுக்கு எண்ணெய் போட்ட கையோடு அவள் கிளம்புவதில்லை. "இந்த ஊர்ல யாருக்கு என்ன உடுப்பு தேவைப்படுது? கேட்டுப் பாத்தியா?" என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

புருஷன் சங்கர் போன் போடுகிறான். "ஏட்டி, சோறு ஆறுது. இன்னுமா ரிப்பேர் முடியல?"

"மெஷின் அப்பவே ஓடிட்டு. பேச்சுதான் முடியல" என்கிறாள் அவள்.