மாடியிலிருந்து சொட்டிய பிசுக்கு

அக்கா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்று சொன்னார்கள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. மை, துரு, எண்ணெய், எது பட்ட சட்டையும் முதலில் அவள் மேசைக்குத்தான் போகும். கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த மேசையை நம்பித்தான் ஆளாக்கினாள். வாடகை வீட்டு மாடிப்படியின் கீழே சில எலுமிச்சை, ரோஜாத் தொட்டிகள். அவளுடைய ஒரே ஆடம்பரம் அதுதான்.

ஒரு கோடையில் அந்த இலைகள் கரி பூசியதுபோல் கருத்தன. மாடியில் இருந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நிறுத்தும் ஸ்கூட்டரின் இருக்கையும் பிசுபிசுத்தது.

"உங்க சீக்குச் செடியால என் வண்டி பாழாகுது. மாசக் கடைசிக்குள்ள தொட்டியெல்லாம் வெளிய போகணும்" என்றார்.

"செடிக்குச் சளி புடிச்சாலும் குடியிருக்கிறவதான் காரணமா அண்ணே?"

அவளுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். சோப்புத் தண்ணீரில் இலை இலையாகத் துடைத்தாள். கருப்பு போனது, திரும்பி வந்தது. மறுபடி துடைத்தாள். "எந்தச் சட்டையும் என்னை இப்படி ஏமாத்தினதில்லடா" என்றாள் என்னிடம்.

ஒருநாள் துடைத்து முடித்த இலையில் ஒரு சொட்டு விழுந்தது. மழை இல்லை. தொட்டாள்; பாகுபோல் ஒட்டியது. நிமிர்ந்தாள். மாடிக் கைப்பிடிக்கு வெளியே வீட்டுக்காரரின் செம்பருத்தி தொங்கியது. தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. காவலுக்கு எறும்பு. பூச்சி சாறு குடித்துக் கழிக்கிற இனிப்புத் தண்ணீர்தான் கீழே சொட்டுகிறது. அதில் வளர்ந்த பூசணம்தான் கருப்பு. அதைத்தான் இத்தனை நாள் துடைத்திருக்கிறாள்.

வாளியும் பிரஷுமாக மாடியேறினாள். வீட்டுக்காரர் மறித்தார்.

"என் செடியில கை வைக்காதீங்க!"

"செடியில வைக்கலண்ணே, உங்க விருந்தாளிங்கமேலதான். வாடகை குடுக்காம இத்தனை பேர் குடியிருக்காங்களே, கண்ணுல படலயா?"

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. ஆளுக்கொரு பிரஷ் தர்றேன்."

அவர் கத்தக் கத்தத் தண்டு தண்டாகத் தேய்த்தாள். மோசமான கிளைகளை வெட்டிச் சாக்கில் கட்டினாள். அடிக்கடி போனாள். அவர் கதவைச் சாத்தினாரே தவிரப் பூட்டவில்லை.

மாதக் கடைசியில் எலுமிச்சையின் புதுத் துளிர்கள் பளிச்சென்று நின்றன. வீட்டுக்காரர் இறங்கி வந்து ஸ்கூட்டர் இருக்கையைத் தடவிப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை.

"சரி, ஒரு தொட்டியையாவது எடுங்களேன்" என்றார்.

"மாட்டேண்ணே" என்றாள் அக்கா.

அன்று மாலை கடையிலிருந்து வரும்போது அவள் இடுப்பில் இன்னொரு தொட்டி இருந்தது.