பாம்பே நைட்டியும் ஈரோட்டு பஸ்ஸும்

கண்ணைத் திறக்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. புதுத்துணிக் கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசம்... பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போய் மோந்துவிட்டு வரும் வாசம்.

பஸ் ஈரோட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது!

தூக்கம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் மனைவி மலர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

அப்போது திருத்துறைப்பூண்டியில் நான் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை போட்டு நான்கைந்து வருடம் இருக்கும். அதற்கு முன் சைக்கிளில் துண்டும் லுங்கியும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன். கோடை லீவில் பக்கிரி என்பவர் ஊட்டி, மைசூர் டூர் போட்டார். வாழ்க்கையில் முதல் டூர். பஸ் நிறைய எங்கள் ஊர்க்காரர்கள்... பாதிப் பேர் என் கடை வாடிக்கைக்காரப் பெண்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பக்கிரி மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு எங்கயும் சுத்திப் பாக்குறது கெடையாது. முழு நாளும் ஷாப்பிங்தான்! எல்லாம் ஹோல்சேல் ரேட். சாயந்தரம் நாலு மணிக்கு பஸ் கிட்ட வந்துடணும்."

பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். என் கடை வாசலில் தொங்கும் நைட்டிக்கு நான் வைத்த பெயர் 'பாம்பே நைட்டி'. ரெண்டு ராத்திரி ரயிலில் போனேன், சப்பாத்தி தின்று வாய் செத்துப்போச்சு என்றெல்லாம் கதை வேறு விட்டிருந்தேன். உண்மையில் நான் ஈரோட்டைத் தாண்டியதே இந்த டூரில்தான். அங்கே தொண்ணூற்றைந்துக்கு எடுப்பதை நூற்றெண்பதுக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

என்ன செய்வது? பதற்றத்தில் மைக்கை வாங்கினேன்.

"யம்மா, யக்கா, ஒரு நிமிஷம். துணி யாவாரிங்கிற மொறையில சொல்றேன். இங்க எல்லாம் சாயம் போற சரக்கு. ஒரு தண்ணிக்குத் தாங்காது. காசக் கரியாக்காதீங்க."

மலர் என் தொடையில் கிள்ளினாள். கேட்கவில்லை நான்.

இறங்கி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு சந்தாகப் பார்த்துக் கூட்டத்தைத் திருப்பினேன். என் நேரம்... நான் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடை முதலாளி அங்கே டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்!

"அட, வாங்ண்ணா! ஒரு மாசமா ஆளையே காணோமுங்க? இந்த வாட்டி ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது! அதே நைட்டி அஞ்சு டஜன் கட்டிரலாங்களா?"

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் வசந்தா டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க விக்கிறதும் ஒரு தண்ணிக்குத் தாங்காத சரக்குதானாண்ணே?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. நான் ஏதோ உளறினேன்.

"விடுங்கண்ணே. மடிப்புக்குள்ள இருக்குற அட்டையிலயே ஈரோடுன்னு போட்டிருக்கே. எங்களுக்கு எப்பவோ தெரியும்" என்றார் டீச்சர்.

கவர் மேல் இருந்த ஸ்டிக்கரை எல்லாம் ஒன்று விடாமல் உரித்தவன், மடிப்பைப் பிரித்துப் பார்க்கவே இல்லை!

"தெரிஞ்சுமா டீச்சர் வாங்குனீங்க?"

"ஆறு எடுத்துட்டுப் போயி ஒண்ண வச்சுக்கிட்டு அஞ்சத் திருப்பிக் குடுத்தாலும் நீங்க மொகத்தச் சுளிக்க மாட்டீங்கல்ல? அதுக்குத்தான்."

அப்பாடா, கடை பிழைத்தது என்று நினைத்தேன். கூட்டமும் முதலாளி கடைக்குள் நுழைந்து ஆளுக்கு ரெண்டு, மூன்று எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனது.

ஒருத்தர் மட்டும் நகரவில்லை. கஸ்தூரி அக்கா. நடவு, களையெடுப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. முதலாளியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கொறஞ்சது எத்தன எடுத்தா இந்த வெல போடுவீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிளை விட்டுவிட்டு முதன்முதலாக அங்கே போனபோது நான் கேட்டதும் இதைத்தான்.

சாயந்தரம் பஸ் டாப்பில் ரெண்டு பெரிய மூட்டை ஏறியது. அக்காவுடையது.

அந்தத் தீபாவளிக்கு என் கடையில் ஒரு நைட்டி கேட்டு கிராமத்துப் பக்கமிருந்து ஆள் வரவில்லை. நடவு வயலில், மத்தியானச் சோற்று நேரத்தில், வரப்பிலேயே மூட்டையைப் பிரித்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். சேற்றுக் காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, இப்புடிப் பண்ணிட்டீங்க?"

"நீதான தம்பி மைக்குல சொன்ன, ஒரு தண்ணிக்குத் தாங்காதுன்னு. நான் அலசிப் பாத்துட்டுல்ல விக்கிறேன்."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் கத்தினேன், அவரும் கத்தினார். கடைசியில் நைட்டியை அவருக்கு விட்டுவிட்டு, நான் சுடிதாருக்கும் பிள்ளைகள் துணிக்கும் மாறினேன். உண்மையைச் சொன்னால், அதில்தான் கடை பெரிதானது.

இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் போன வாரம் ஞாபகத்துக்கு வந்தது. கடைக்கு வந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், சுடிதாரைப் பிரித்துப் பார்த்தது, மேலே வைத்து அளவு பார்த்தது. என் கண் முன்னாலேயே போனை எடுத்து அதே துணியை ஆன்லைனில் ஆர்டர் போட்டது!

"சைஸ் பாக்கத்தான் வந்தேங்க அங்கிள், தேங்க்ஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது. பிரித்துப் போட்டிருந்த சுடிதாரை நான் மடித்து வைத்தேன்.

அன்றைக்கு நாற்பது பேர் பஸ் ஏறி ஈரோடு வரை வந்து என் விலையைக் கண்டுபிடித்தார்கள். முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்தார்கள். நான் சரக்கை மாற்றிய அடுத்த மாதமே வசந்தா டீச்சர் ஆறு சுடிதார் எடுத்துப்போய் அஞ்சைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது யாரிடம் போய்க் கத்துவது? வண்டியை எடுத்தாலும், எந்த வரப்புக்கு ஓட்டுவது என்று தெரியவில்லை...