ஸ்டியரிங்கில் சந்தனம்

என் கணவருக்கு உள்ளங்கை வியர்க்கும். மணவறையில் கை பிடித்தபோதே தெரிந்துவிட்டது. அந்த வியர்வையைத் துடைப்பதே ஒரு வேலையாகும் என்பதுதான் தெரியாது. 2005-இல் ஒரு பழைய காரை வாங்கி, கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்தார். என்னைவிட வயது கூடின வண்டி. ஸ்டியரிங்குக்கு மட்டும் யாரோ ஆசையாகக் கையால் தைத்த தோல் உறை, தேன் நிறத்தில்.

கடல் காற்றில் உப்பு, அவர் கையிலும் உப்பு. இரண்டும் சேர்ந்தால் தோல் கறுத்துப் பிசுபிசுக்கும். ஞாயிறு காலையில் பழைய வேட்டித் துணியைக் குழந்தை சோப்பு நுரையில் நனைத்து, ஒட்டப் பிழிந்து துடைப்பேன். தையலுக்குள் ஈரம் இறங்கிவிடக் கூடாது. நிழலில் காய்ந்ததும், பாண்டிச்சேரியில் தோல் பைக் கடையில் வாங்கிய நிறமில்லாத கிரீமைப் பொட்டளவு எடுத்து, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். கடைசியில் வெயில் படாமல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவேன். நிற்கிற வண்டியில், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபடியே, எத்தனை ஊருக்குப் போய்வந்திருக்கிறேன்!

லைசென்ஸ் என்னிடமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது.

"ஏங்க, சிதம்பரம் வரைக்கும் ஒரு தடவ நான் ஓட்டட்டா?"

"பவர் ஸ்டியரிங்கா இது? பொம்பள கைக்குத் திரும்பாது. ஒன் கை தொடைக்கறதுக்குத்தான் லாயக்கு."

ஊருக்குத் திரும்ப வண்டியில் ஏறியிருந்த அவர் தங்கை சிரித்தாள். "அண்ணி ஓட்டுனா நான் பஸ்ல போயிக்கறேம்பா."

சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் ஆயுத பூஜைக்கு அண்ணன் வண்டிக்குப் பொட்டு வைப்பது அவள் உரிமை. வருஷா வருஷம் வந்துவிடுவாள். ஸ்டியரிங் தோலின் மேலேயே மூன்று விரல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஹாரன் மேல வைம்மா. தோலுல வேணாம். சந்தனம் காஞ்சா எண்ணப்பசைய உறிஞ்சிடும், வெடிச்சுப் போவும்."

"சாமிக்கே கண்டிஷனா அண்ணி?"

அவள் போன பிறகு பல ஞாயிறுகள் அந்தச் சிவப்போடு மல்லுக்கட்டுவேன்.

2010-இல் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. அதே வாரம் சிதம்பரத்தில் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. இனி யார் ஓட்டுவது? நான் கேட்கவே இல்லை. மொடமொடப்பில்லாத பருத்திச் சேலை கட்டி, பர்ஸில் லைசென்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாசலுக்கு வந்தேன். ஓட்டுகிற இடத்தில் கிள்ளையிலிருந்து வரவழைத்த டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவரை வரச்சொன்னதை என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் டிரைவர் சொன்னார்: "ஸ்டியரிங்கு வெண்ண மாதிரி இருக்குண்ணே. பழைய வண்டியில இப்புடிப் பாத்ததே இல்ல. யாருண்ணே பாத்துக்கறது?"

"நான்தான். வேற யாரு பாப்பாங்க?" என்றார் முன்சீட்டிலிருந்த என் கணவர்.

கண்ணாடிக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது. என் நகக்கண்ணில் கிரீம் வாசனை.

அந்த வருஷ ஆயுத பூஜையில் நாத்தனார் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இடக்கை, வலக்கை பிடிக்கிற இடங்கள் எனக்குத் தெரியாததா? இடம் விடாமல் கெட்டியாக அப்பினேன். குங்குமமும் தாராளமாக.

"அண்ணிக்கு இப்பதான் பக்தி ஜாஸ்தியாயிருக்கு," என்றாள். அவர் முகத்தில்கூட ஒரு திருப்தி.

ஞாயிறு வந்தது. நான் வேட்டித் துணியை எடுக்கவில்லை.

"ஸ்டியரிங்க தொடைக்கலையா?"

"சாமிக்கு வெச்சதுங்க. தானா உதிரட்டும்."



தை பிறப்பதற்குள் சரியாக அந்த இரண்டு இடங்களில் தோல் பாளம் பாளமாக வெடித்தது. உள்ளங்கையை அறுக்கிறது என்று ரெக்சின் உறை வாங்கி மாட்டினார். அதிலும் வியர்த்தது. வழுக்குகிறது என்றார்.

2012-இல் வண்டியை விற்றார். போகிற அன்று வாசலில் நின்று பார்த்தேன். அதை ஒரு தெரு தூரம்கூட நான் ஓட்டியதில்லை.