ஹமூர் தலையும் குவாடல்கனாலும்

பொறாமை வந்தால் யேசுராஜுக்கு மூக்கு சிவக்கும். 2004-இல் வளைகுடாவின் அல் குசைஸ் லேபர் கேம்ப்பில், பதினேழாம் ரூமில் அது ஐந்து வெள்ளிக்கிழமைகள் சிவந்தே கிடந்தது. அந்த வெளிச்சத்தில் பக்கத்து ரூம்காரர்கள் பேப்பர் படித்தார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

குளச்சல்காரர், ஜெபல் அலியில் வெல்டர். ரூமில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை விடுமுறை; ஜும்ஆ தொழுகைக்குப் போனவர்களும் சர்ச்சுக்குப் போனவர்களும் திரும்பியதும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சமையல் சோலைமுத்து. ஹமூர் மீன் குழம்பில் தலை யாருக்கு என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது: அன்று கதை சொல்கிறவருக்கு. பதினோரு வருடமாக அது யேசுராஜின் தட்டில்தான் விழுந்தது. திமிங்கிலத்தின் முதுகில் ஏறி மினிக்காய் தீவுக்குப் போய்வந்ததை மட்டுமே நாற்பது விதமாகச் சொல்லியிருந்தார்.

காயல்பட்டினத்து ராஜிக் ரூமுக்குப் புதிதாக வந்தான். கிடங்கில் கிளார்க். கையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம்.

"ரெண்டாம் உலகப்போர். பசிபிக் கடல்ல குவாடல்கனால்னு ஒரு தீவு. அங்கே ஜப்பான்காரன் ஏர்போர்ட் கட்டிக்கிட்டிருந்தான். கட்டினது யாரு? நம்மள மாதிரி கேம்ப்ல கிடந்த லேபருங்க."

மெல்லுகிற வாயெல்லாம் நின்றன. அமெரிக்கப் படை இறங்கியது, பாதி கட்டிய ஓடுதளத்தைப் பிடித்தது. அதை மீட்க ஜப்பான் ஆறு மாதம் மோதியது. ராஜிக் அதை வாரம் வாரம் கொஞ்சமாக அவிழ்த்தான். நாலு தலை அவனுக்குப் போயிற்று. யேசுராஜுக்கு வால்.

"வாசிச்சுச் சொல்லுகது ஒரு கதையாடே? நான் கடல்ல முங்கி எடுத்துட்டு வந்தவன்."

"அண்ணே, உங்க திமிங்கிலத்துக்கு வயசாயிப்போச்சு" என்றான் சோலைமுத்து.

அன்று அவருக்கு வாலும் இறங்கவில்லை.

ஐந்தாம் வெள்ளி ராஜிக் முடித்தான். "ஜப்பான் பட்டாளம் சத்தமில்லாம கப்பலேறிப் போயிட்டுது. கலாஸ்."

சோலைமுத்து கரண்டியில் தலையைத் தூக்கினான்.

"நில்லுடே" என்றார் யேசுராஜ். "அந்த லேபருங்க என்ன ஆனானுவ?"

"குண்டு விழுந்ததும் காட்டுக்குள்ள ஓடினாங்க."

"பொறவு?"

ராஜிக் பக்கங்களைப் புரட்டினான். "புக்குல அவ்வளவுதான் அண்ணே."

"புக்குல இருக்காது. எனக்குத் தெரியும்." விரிப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊருக்குப் போக ஒருத்தனுக்கும் வழியில்ல. பாஸ்போர்ட் எல்லாத்தையும் விசா குடுத்த கஃபீல் இரும்புப் பெட்டியில பூட்டி, ஓடுதளத்துக்கு அடியில புதைச்சுட்டான். மேல ரெண்டு பட்டாளமும் சுட்டுக்கிட்டிருக்கு. கீழ இவனுவ தேங்காச் சிரட்டையால தோண்டுகானுவ. ஆறு மாசம்!"

"1942-ல கஃபீல் ஏது அண்ணே?"

"நீ சும்மா இரு!" என்று ஆறு குரல்கள் ராஜிக்கை அடக்கின. அந்த ஆறு பேரின் பாஸ்போர்ட்டும் அப்போது கம்பெனிப் பெட்டியில்தான் இருந்தது.

கரண்டி அந்தரத்தில் சொட்டியது.

"பெட்டி கிடைச்சுதா?" என்றான் சோலைமுத்து.

"கிடைச்சுது. திறந்தா..." யேசுராஜ் நிறுத்திவிட்டுக் கரண்டியைப் பார்த்தார்.

கரண்டி சாய்ந்தது. தலை அவர் தட்டில் விழுந்தது.

"திறந்தா, ஒண்ணுகூட நனையல. அவனவன் பேரு, அவனவன் போட்டோ."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ராஜிக் பேனாவை எடுத்து, புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கினான்.

"என்னடே எழுதுக?"

"பெட்டி கிடைச்சதை."

"கீழ எம் பேரைப் போடு. பெருசா."

அவன் போட்டான். யேசுராஜ் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மீன் தலையிலிருந்து ஒரு கண்ணைத் தோண்டி ராஜிக்கின் தட்டில் வைத்தார். இன்னொன்றை, அவன் கேட்டுவிடுவானோ என்று, மெல்லாமலே விழுங்கினார்.