மனிதரைச் சுடாத துவக்குகள்

என் வீட்டில் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்குகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டால், இங்கே ஜேர்மனியில், ஹம் நகரத்தில் உள்ள நம்மவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் மனைவியைப் பார்ப்பார்கள். எனக்குக் கழன்றுவிட்டது என்பது அவர்களுடைய முடிவு. அவள் எப்படிச் சம்மதித்தாள் என்பதுதான் ஒருவருக்கும் விளங்காது. எல்லாம், சேகரிக்கிறவர்களுக்கு அரசாங்கம் தரும் அனுமதியோடு, இரும்புப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டா ஒன்றுகூட வீட்டில் இல்லை.

நான் தொழிற்சாலையில் இரும்பு கடைகிறவன். நூறு வருடத்துக்கு முன் ஒருவன் இரண்டு குழல்களை மயிரிழை பிசகாமல் ஒட்டிவைத்திருப்பதைச் சந்தையொன்றில் கண்ட அன்றே மயங்கிப்போனேன். வீட்டுக்கு வந்து மெல்லக் கதையை எடுத்தேன். அவள் முகம் இருண்டுவிட்டது.

அவளுடைய அண்ணனை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். சுட்டவர்கள் அடுத்த நாளும் அதே ஒழுங்கையால், தோளில் துவக்கோடு, கதைத்துச் சிரித்துக்கொண்டு போனதை அவள் யன்னலால் பார்த்திருக்கிறாள். அது தெரிந்தும் நான் ஆசைப்பட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "மனிசரைச் சுட்ட துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. அதை விசாரிச்சு அறிஞ்சு போட்டுக் கொண்டுவாங்கோ. நானும் வந்து கேப்பன்."

என் வரலாற்று ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கியது. குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் முத்திரைகள் இருக்கும். எந்த ஊரில், எந்தக் காலத்தில் சோதித்த குழல் என்பதை அவை சொல்லிவிடும். யார் கையில் இருந்தது என்று அறிய ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். எத்தனை சனிக்கிழமைகள்! புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டிக்கொண்டு காரில் கிளம்பிவிடுவோம். விற்கிறவர் கோப்பி ஊற்றித் தருவார். நான் முத்திரைகளைப் பார்த்து முடித்துவிட்டு, "இது எப்போதாவது மனிதரைச் சுட்டிருக்கிறதா?" என்று கேட்பேன். ஒரு கிழவர் சிரித்துப் புரைக்கேறி, தன் தாத்தா குறிவைத்தால் முயலுக்கே ஆபத்தில்லை என்றார். ஒரு அம்மா எங்களைப் பொலிஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார். இன்னொருவர் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். மனைவி எழும்பிவிட்டாள். அருமையான துவக்கு அது, வழி முழுக்க நான் உம்மென்று வந்தேன். இப்போது முழங்கால் வலி, தூரப் பயணம் ஏலாது. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

கடைசியாகப் போனது சாவர்லாந்து மலைப்பக்கம். தகப்பனிடமிருந்து வந்த துவக்கை ஒரு வயதான பெண்மணி விற்க இருந்தார். துவக்குத் தொழிலுக்குப் பேர்போன ஸூல் நகரத்து வேலை. பக்கத் தகட்டில் இரண்டு காட்டுவாத்துகள் செதுக்கப்பட்டிருந்தன, இறகு இறகாக எண்ணலாம். இவ்வளவு அழகான ஒன்று அதற்கு முன் என் கையில் வந்ததில்லை. கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட மனம் அலைந்தது. ஆனால் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். கேட்டேன்.

அந்தப் பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார். "ஆம்," என்றார்.

முயல் வேட்டையாம். வேலிக்குப் பின்னால் ஏதோ அசைய, தகப்பன் சுட்டிருக்கிறார். அங்கே நின்றது அடுத்த வீட்டுக்காரர், தகப்பனின் சிநேகிதர். வைத்தியர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

போச்சு என்று நினைத்துக் குழலைத் துணியில் சுற்றத் தொடங்கினேன். மனைவி எழும்பவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அவளுடைய டொச் மொழி என்னுடையதைவிட நல்லது. கதிரையை அந்த அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதற்குப் பிறகு அப்பா என்ன செய்தார்?" என்று கேட்டாள்.

அன்றைக்கே துவக்கைப் பரணில் போட்டுவிட்டாராம். பிறகு சாகும்வரை வேட்டைக்குப் போகவேயில்லை. ஒவ்வொரு மாரிக் குளிரிலும் அந்த விதவையின் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தாராம். முதல் மாரியில் அவள் கதவே திறக்கவில்லை. இவர் வாசலில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார்.

மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "வாங்குங்கோ," என்றாள்.

காரில் ஏறியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நீர் தானே கூடாதெண்டனீர்? இது மனிசரைச் சுட்டதெல்லே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஓம். சுட்டுப்போட்டுத் துவக்கைக் கீழை வைச்ச ஒரு மனிசனைப் பற்றி இண்டைக்குத்தானே கேள்விப்படுறன். அது எங்கடை வீட்டிலை இருக்கட்டும்."

எனக்குப் பாதை கலங்கித் தெரிந்தது. ஓரமாகக் காரை நிறுத்திவிட்டேன். அவள் அழுது முடியும்வரை அங்கேயே நின்றோம்.