உருளைக்கிழங்கு இல்லை… ஒரு ஸ்டார்!

“பிரியாணியில் உருளைக்கிழங்கு இல்லை. ஒரு ஸ்டார்.”

ஏதோ ஹோட்டலைப் பற்றி யாரோ எழுதியது என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. நியூ டவுனில் இருக்கும் ஒரு நவீன கலை மையத்துக்குப் பார்வையாளர் ஒருவர் இணையத்தில் போட்ட மார்க் இது. கொல்கத்தாவில் பிரியாணி என்றால் உள்ளே முழுசாக ஓர் உருளைக்கிழங்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அது இந்த ஊர்ச் சட்டம். சரி… அதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. அந்தக் கட்டடத்தில் மாடியில் கண்காட்சி அறைகள், கீழே விழா ஹால். கல்யாண ரிசப்ஷன், கம்பெனி பார்ட்டி, புடவை விற்பனை எல்லாம் கீழே நடக்கும். கீழே வரும் வாடகையில்தான் மேலே கலை வளர்கிறது. ஆனால் இணையத்தில் கருத்துச் சொல்ல இரண்டுக்கும் சேர்த்து ஒரே பக்கம்.

பவானிபூரிலிருந்து மெட்ரோவில் போகும்போதெல்லாம் இப்போது நான் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறேன். பொழுது போவதே தெரிவதில்லை.

“ஏசி பிரமாதம். படங்கள் ஒன்றும் புரியவில்லை. ஐந்து ஸ்டார்.”

“டாய்லெட் சுத்தம். குடும்பத்தோடு மறுபடியும் வருவோம்.”

“சிற்பத்தின் மேல் குழந்தையை உட்கார வைத்து போட்டோ எடுக்க விடவில்லை. மரியாதை தெரியாத ஸ்டாஃப்.”

கவனித்தீர்களா? யாருமே பார்த்ததைப் பற்றி எழுதவில்லை. அன்றைக்குத் தங்களுக்குப் பசித்ததா, வியர்த்ததா, முட்டி வலித்ததா — அதைத்தான் எழுதுகிறார்கள். நான் மட்டும் ஒழுங்கா? ஒரு கச்சேரியைப் பற்றி இதே பத்தியில் நாலு பாரா எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அதில் மூன்று பாரா நாற்காலியைப் பற்றி.

ஆனால் இந்தப் பக்கத்தை நான் வேலையில்லாமல் படிக்கவில்லை. என் அண்ணன் மகள் நிவேதிதாவின் முதல் கண்காட்சி அங்கேதான் நடக்கிறது.

ஒரே ஓர் அறை. உள்ளே ஓவியம் கிடையாது, சிற்பம் கிடையாது, வெளிச்சம்கூடக் கிடையாது. கும்மிருட்டு. சுவரோரமாக அகலமான மெத்தை வைத்த பெஞ்சுகள், நாலு மூலையிலும் ஸ்பீக்கர். ஹவுரா ரயில்வே யார்டில் ராத்திரி கேட்கும் சத்தங்களை மாதக்கணக்கில் பதிவு செய்து, கோத்து வைத்திருக்கிறாள். வேகனோடு வேகன் இடிப்பது, இன்ஜின் ஊதுவது, சக்கரம் கிறீச்சிடுவது, எங்கோ தூரத்தில் அறிவிப்பு… முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண் அவள்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த அறைக்கு நேர் கீழே கல்யாண ஹால்!

“மாலை மாற்றும் நேரத்தில் தலைக்கு மேல் கூட்ஸ் வண்டி போனது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்கள். ஒரு ஸ்டார்.” இதே ரகத்தில் இன்னும் சில வந்தன.

மேனேஜர் அம்மாள் நிவேதிதாவைக் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையான வங்காளிப் பெண்மணி. மரியாதையாகவே சொன்னாராம் — இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், உன் அறையைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் மாசக் கடைசி வரை இருக்கட்டும், இல்லாவிட்டால் மூடிவிடலாம். லிப்ஸ்டிக் கம்பெனி ஒன்று அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எனக்குப் போன் வந்தது.

“அத்தை, நீங்க பத்திரிகையில எழுதறீங்கல்ல? உங்க ரீடர்ஸை வரச் சொல்லுங்களேன், ப்ளீஸ்!”

பாவம், அவளுக்கு உங்களைத் தெரியாது. நான் சொல்வதை ரசிப்பீர்கள், தலையாட்டுவீர்கள். ஆனால் எழுந்து போவீர்களா? தவிர, கொல்கத்தாவில் என் பத்தியைப் படிக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

“சரி, அப்பாவையாவது கூட்டிட்டு வாங்க” என்றாள். “ஓபன் பண்ணி இத்தனை நாளாச்சு. ஏக்டு எட்டிப் பார்த்தா என்ன?”

‘கொஞ்சம்’ போய் ‘ஏக்டு’ வந்துவிட்டால் அவள் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். கோபத்திலும் அழுகையிலும் அவளுக்கு வங்காளம்தான் வரும்.

என் அண்ணா அந்த யார்டிலேயே யார்டு மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகளின் கண்காட்சியைப் பற்றி அவருடைய கருத்து, பார்ப்பதற்கு முன்பே தயாராக இருந்தது.

“அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்கு கவர்மென்ட் எனக்கு சம்பளம் குடுத்துச்சு மாலா. இப்ப நான் டிக்கெட் வாங்கிட்டுப் போய்க் கேக்கணுமா?”

இப்போது அவர் இருப்பது நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடி ஃப்ளாட்டில். அங்கே குடிபோன நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. முதலில் தலையணை சரியில்லை என்றார். அப்புறம் மெத்தை. மூன்று மெத்தை மாற்றியாயிற்று. அப்புறம் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சாயங்கால டீயை நிறுத்தினார். டாக்டர் ‘வயசு’ என்றார். அண்ணி ‘வேலை இல்லாத கோளாறு’ என்றார். எப்படியோ, ராத்திரி முழுக்க ஹாலில் நடைதான். தூக்கமில்லாத மனிதருக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் தெரியும்.

கலை மையத்தின் கேன்டீனில் நல்ல ஃபில்டர் காபி கிடைக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் விமர்சனம். டிரைவர் பிரேக் போடும் விதம் சரியில்லை. ரோடு சரியில்லை. கட்டடத்தைப் பார்த்ததும், “இவ்வளவு கண்ணாடி எதுக்கு? யார் துடைக்கிறது?” என்றார்.

அறை வாசலில் நிவேதிதா நின்றிருந்தாள். அண்ணா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கழற்ற வேண்டியதில்லை அண்ணா என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். கதவு திறந்த வெளிச்சத்தில் பார்த்தேன் — ஒரு பையன், ஒரு பெண், தோளில் துணிப்பை, சம்மணம் போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியதும் எதுவும் தெரியவில்லை. அண்ணாவும் நானும் தடவித் தடவி ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம்.

டமால்! வேகன் இடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏசி ஜாஸ்தி” என்றார் அண்ணா.

அடுத்த குறைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்ஜின் ஊதியது, எங்கோ சக்கரங்கள் கிறீச்சிட்டன. பெஞ்சில் அவர் கால் நீட்டுவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒரு சத்தம்… கர்ர்ர்… புஸ்ஸ்ஸ்… கர்ர்ர்…

ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் புரிந்தது. அந்தக் குறட்டையை எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆகும்வரை அடுத்த அறையில் படுத்தவள் நான்!

மானம் போயிற்று. பெற்ற பெண்ணின் முதல் கண்காட்சியில், வெளி ஆட்கள் முன்னால், இப்படியா? தோளைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினேன். இருட்டில் இன்னொரு கை என் கையைப் பிடித்துக்கொண்டது. நிவேதிதா எப்போது உள்ளே வந்தாள் என்றே தெரியவில்லை.

“எழுப்பாதீங்க அத்தை” என்று காதில் சொன்னாள்.

“ஆளுங்க இருக்காங்கடி…”

“இருக்கட்டும். அப்பா இப்படித் தூங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா?”

என் கையை அவள் விடவில்லை. இந்தப் பத்தியில் நான் கண்ணீர் விட்டு நீங்கள் பார்த்ததில்லை; அன்றைக்கும் இருட்டு என்பதால் யாரும் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பையன் கிசுகிசுத்தான். “கீ தாருண்!” — ‘என்ன அற்புதம்!’ என்று அர்த்தம். அவன் ரயிலைச் சொல்லவில்லை. குறட்டை ஏறி இறங்கும்போதெல்லாம் சொன்னான்.

யார்டுச் சத்தம் முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடியும் முடிந்த பிறகுதான் அண்ணா எழுந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். முகத்தில் தலையணை இல்லாமல் தூங்கிய கோடு.

“எப்படிப்பா இருந்தது?” என்றாள் நிவேதிதா. கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“ஏசிதான் ஜாஸ்தி” என்றார். லிஃப்ட்வரை போய், திரும்பி வந்தார். “நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

காபியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நிவேதிதா சுவர்ப்பக்கம் திரும்பி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

அன்று மாலையே இணையத்தில் வந்துவிட்டது. “இரும்புச் சத்தங்களுக்கு நடுவே எழும் அந்த உழைத்துக் களைத்த மனிதனின் குறட்டை… இந்த நகரமே உறங்குவதைக் கேட்டேன். ஐந்து ஸ்டார்.” மறுநாள் அண்ணா தனியாகப் போனார். அன்றும் ஐந்து ஸ்டார். அதற்கு மறுநாள் இரண்டு பேர் எழுதினார்கள்.

அது தன் அப்பாவின் குறட்டை என்ற உண்மையை நிவேதிதா மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். “அதைப் போர்டில் மட்டும் எழுத வேண்டாம்” என்றாராம். லிப்ஸ்டிக் கம்பெனிக்கு வேறு தேதி கொடுத்தாயிற்று. கீழே ரிசப்ஷன் இருக்கும் மாலைகளில் அறையை மூடிவிடலாம் என்றும் முடிவாயிற்று. அதுவரை யாருக்கும் தோன்றாத இந்த எளிய யோசனை, ஐந்து ஸ்டார் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது!

“பென் டிரைவ்ல போட்டுத் தரேன்பா, வீட்லயே கேளுங்க” என்று நிவேதிதா சொல்லிப் பார்த்தாள்.

“பக்கத்து ஃப்ளாட்காரன் ஒரு ஸ்டார் குடுப்பான்” என்றார் அண்ணா.

இப்போது தினமும் சாப்பிட்டுவிட்டு, தோளில் ஒரு துண்டோடு, பேட்டரி ரிக்‌ஷா பிடித்துப் போய்விடுகிறார். தூங்குகிற மனிதர் ஆனதும் குறை சொல்வதும் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அண்ணி சொல்கிறார்.

போன வாரம் மெட்ரோவில் புதிதாக ஒன்று படித்தேன். “நண்பர்கள் சொன்னதால் ஹவுராவிலிருந்து வந்தேன். நான் போன புதன்கிழமை குறட்டை இல்லை. பெரிய ஏமாற்றம். இரண்டு ஸ்டார்.”

அன்றைக்கு அண்ணா பல் டாக்டரிடம் போயிருந்தார்.

அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

“என் சர்வீஸ் முழுக்க என் பேர்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல மாலா” என்றார்.

மறுநாள், கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டாராம்.